அவர் விரலுக்கே திறக்காத கதவு

எனக்கு முன்னால் பேசிய நால்வரையும் முகம் சுளிக்காமல் கேட்டு, ஐந்தாவதாக என்னையும் தாங்கிக்கொள்ளத் துணிந்துவிட்ட மருத்துவமனைப் பணியாளர் நலச்சங்கத்தின் தலைவர் அவர்களே! கத்தி பிடிக்கும் கையால் கண்ணீரும் துடைக்கத் தெரிந்த தலைமை மருத்துவர் ஐயா அவர்களே! தூசு என்று ஒன்று இந்த உலகத்தில் இருப்பதையே தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொள்ளும் தலைமைச் செவிலியர் அம்மா அவர்களே! எனக்குச் சம்பளமும் கொடுத்து, இன்றைக்குத் தலைப்பும் கொடுத்து, முன்வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கும் எங்கள் பூட்டு நிறுவனத்தின் முதலாளி அவர்களே! ஓய்வு பெற்ற பிறகும் ஓயாமல் இந்தக் கூடத்துக்கு வந்துவிடும் பெரியோர்களே! பணி முடித்து, வீட்டுக்குப் போய் அடுப்பு வேலையும் முடித்து, கண்ணில் மணல் அரிக்க இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோடு சுவராகச் சாய்ந்து நிற்கும் தோழர்களே! மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படக்கூடாது என்று அமர்ந்திருக்கும் என் மதிப்புக்குரிய மூன்றாம் மாடி அக்கா அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'விரல் நுனியில் பாதுகாப்பு'. அழகான தலைப்பு. அச்சடித்துச் சுவரில் மாட்டலாம். ஆனால் நான் பேச்சாளன் அல்லன், பூட்டுப் பொருத்துகிறவன். என்ன சொல்கிறீர்கள் அங்கே? பூட்டுக்காரனுக்கு இவ்வளவு வாயா என்கிறீர்களா? சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறவர்களோடு பதினாறு ஆண்டுகளாக நின்று பேசிப் பாருங்கள், உங்களுக்கும் வாய் வரும். பூட்டைத் திறக்க ஐந்து நிமிடம். சாவி எப்படித் தொலைந்தது என்று கணவனும் மனைவியும் சண்டை போட்டு முடிக்க ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் எனக்குப் பள்ளிக்கூடம்தான்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் என்னால் தூங்க முடியாது. திருமணமான புதிதில் மாமனார் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, மாட்டத் தெரியாமல் மாட்டிக்கொண்டு விழித்தவன் நான். அந்தக் கெட்ட பழக்கம்தான் கடந்த இருபத்துமூன்று நாட்களாக என்னை ஆட்டி வைக்கிறது. ஏன் இருபத்துமூன்று? மூன்றாம் மாடிச் செவிலியர் அக்காவைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்து இன்றோடு இருபத்துமூன்று நாள். நாளைக் காலை பத்து மணிக்கு, மருந்தைத் திருடினார் என்று அவர்மீது விசாரணை. இந்தக் கூடத்தில் இருக்கும் ஒவ்வொருவர் மனத்திலும் அதுதான் இருக்கிறது. அதைப் பேசாமல் நான் வேறு எதைப் பேச?

விரல்ரேகைப் பூட்டு என்றால் என்ன, அவையோரே? என் விரல் எனக்கு மட்டும்தான்; உங்கள் விரல் உங்களுக்கு மட்டும்தான்; ஆகவே விரல்தான் சாவி. கேட்பதற்கு எவ்வளவு இனிக்கிறது! நானே ஆயிரம் வீட்டில் இதைச் சொல்லி விற்றிருக்கிறேன். ஆனால் பெட்டிக்குள் என்ன நடக்கிறது? பெட்டி உங்கள் விரலைப் படமெடுத்து மாலை போட்டு வைத்துக்கொள்வதில்லை. ரேகை எங்கே பிரிகிறது, எங்கே முடிகிறது என்று சில புள்ளிகளை மட்டும் குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை நீங்கள் விரல் வைத்தால், பழைய புள்ளிகளோடு புதிய புள்ளிகளை ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறது. பாஸ் மார்க் வாங்கினால் கதவு திறக்கும். வாங்காவிட்டால் சிவப்பு விளக்கு. அதாவது, "இவர்தான்" என்று அது ஒருநாளும் சொல்வதில்லை. "இவர் மாதிரி இருக்கிறார்" என்றுதான் சொல்கிறது. மாதிரி என்பதற்கும் அவரே என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று, சந்தையில் யாரோ ஒருவர் முதுகில் தட்டி "என்னடா மாப்ளே" என்று கூப்பிட்டு, திரும்பிய முகத்தைப் பார்த்து வழிந்தவர்களுக்குத் தெரியும்.

சிரிக்கிறீர்கள். எனக்கும் நடந்திருக்கிறது.

இன்னும் கேளுங்கள். உங்கள் ரகசிய எண் வெளியே போனால் என்ன செய்வீர்கள்? மாற்றிவிடுவீர்கள். உங்கள் விரல்ரேகை வெளியே போனால்? எந்தக் கடையில் போய் வேறு கட்டைவிரல் வாங்குவீர்கள்? அதுவும், நாம் அதை மறைத்தா வைத்திருக்கிறோம்? தண்ணீர்க் குவளையில் வைக்கிறோம், கைப்பிடியில் வைக்கிறோம், கண்ணாடிக் கதவில் வைக்கிறோம், பேருந்துக் கம்பியில் வைக்கிறோம். வீட்டுச் சாவியைத் தெருவெல்லாம் இறைத்துக்கொண்டே போய், வீட்டுக்கு வந்து பாதுகாப்பாக இருக்கிறேன் என்று பெருமூச்சு விடுகிறோம். ஒரு குவளையில் பதிந்த ரேகையிலிருந்து பொய்விரல் வார்த்து ஏமாற்ற முடியுமா என்றால், சில பெட்டிகளை முடியும். எப்படி என்று சொல்லமாட்டேன். அந்த மூலையில் ஒருவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

பொய்விரல் எதற்கு, மெய்விரலே போதும் என்று காட்டியவள் என் மனைவி. என் மைத்துனர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உண்ட மயக்கத்தில் கூடத்தில் மல்லாந்து கிடந்தார். கைபேசிக்கு விரல் பூட்டு போட்டிருக்கிறேன், யாராலும் தொட முடியாது என்று அன்று காலைதான் பீற்றிக்கொண்டார். என் மனைவி பூனை மாதிரி போனாள், தம்பியின் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள், கைபேசியில் வைத்தாள், யாரோடு மணிக்கணக்கில் பேசுகிறான் என்று பார்த்தாள், விரலை வயிற்றின் மேலேயே பத்திரமாகத் திருப்பி வைத்தாள். அடுத்த மாதமே பெண் கேட்டுப் போனோம். நல்ல இடம்தான். ஆனால் நான் கேட்கிறேன், உறங்குகிறவன் விரலுக்கும் உழைக்கிறவன் விரலுக்கும் வேறுபாடு தெரியாத பூட்டு என்ன பூட்டு? கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் விழித்திருக்க வேண்டும், மனம் ஒப்ப வேண்டும். இதற்கு ஒன்றும் வேண்டாம். கைநாட்டு என்று யாரும் நம்மைச் சொல்லிவிடக் கூடாது என்றுதானே நம் பெற்றோர் நம்மைப் பள்ளிக்கு அடித்து அனுப்பினார்கள்? படித்து, பட்டம் வாங்கி, பதவியில் அமர்ந்த பிறகு, இந்தப் பெட்டி நம் அத்தனை பேரையும் மறுபடியும் கைநாட்டு ஆக்கிவிட்டதே, தாய்மார்களே!

சரி, கதைக்கு வருகிறேன். இந்த மருத்துவமனையில் தரைத்தளத்தின் கோடியில் ஊசிமருந்து அறை இருக்கிறது. கடுமையான வலிக்குப் போடும் மருந்துகள் அங்கேதான். அந்தக் கதவில் பூட்டுப் பெட்டியைப் பொருத்தியவன் நான். பதினோரு செவிலியரின் விரல்களைப் பதிந்தேன். வரிசையில் வந்து சிரித்துக்கொண்டே விரல் வைத்தார்கள். ஒரு வாரம் மணிமணியாக வேலை செய்தது. அதற்குப் பிறகு பெட்டிக்கு என்ன வந்ததோ, எல்லோரையும் வாசலில் நிறுத்த ஆரம்பித்தது. மூன்று முறை வைத்தால் ஒரு முறை திறக்கும். சில நாள் அதுவும் இல்லை.

ஒரு காலையில் எனக்குத் தொலைபேசி வந்தது. அக்காதான் பேசினார். "தம்பி, மேல ஒரு பையன் கால் முறிஞ்சு கத்துறான். மருந்து உள்ள இருக்கு, நான் வெளிய நிக்கிறேன். இந்தப் பெட்டி என்னைப் பார்த்து மறுபடி முயலுங்கள், மறுபடி முயலுங்கள்னு சொல்லிட்டே இருக்கு. எத்தனை தடவைப்பா முயல்றது?" அவசரச் சாவி தலைமைச் செவிலியர் அம்மாவிடம், அம்மா கூட்டத்தில். சாவி வந்து, கதவு திறந்து, ஊசி மேலே போய்ச் சேர இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் பையன் கத்தியிருக்கிறான். இந்த மனுஷியா, அவையோரே, வலிமருந்தைத் திருடியிருப்பார்?

நான் ஓடி வந்தேன். செவிலியர் கைகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு நாளைக்கு ஐம்பது முறை கழுவிக் கழுவி, கிருமிநாசினி தேய்த்துத் தேய்த்து, விரல் நுனியெல்லாம் வெடித்து வறண்டிருக்கும். ரேகை தேய்ந்திருக்கிறது, அதனால்தான் பெட்டிக்குப் புரியவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அக்காவின் பழைய பதிவை அழித்துவிட்டு, கட்டைவிரலைப் புதிதாகப் பதிந்தேன். "நல்லா அழுத்துங்கக்கா" என்றேன். ஒரே முறையில் பிடித்துக்கொண்டது. இன்னொன்றும் செய்தேன். இந்தப் பெட்டியில் கண்டிப்புக்கு ஐந்து படி உண்டு. ஐந்தில் இருந்தால் அரக்கன். ஒன்றில் இருந்தால் அசடு. நாலில் இருந்ததை இரண்டுக்கு இறக்கினேன். அதாவது பாஸ் மார்க்கைக் குறைத்தேன். நோயாளி கத்தும்போது வாத்தியார் கறாராக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பே தம்பி" என்றார்.

அன்றிலிருந்து ஒரு புகாரும் இல்லை. அக்காவுக்கு மட்டும் இல்லை, பதினோரு பேருக்கும் கதவு பட்டுப் பட்டென்று திறந்தது. தொட்டால் திறந்தது. தடவினால் திறந்தது. ஆகா, என் கைவண்ணமே கைவண்ணம் என்று நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

இங்கேதான் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். பதிந்தது ஒரே ஒருவர் விரல். குணமானது பதினோரு பேர் விரல். எப்படி? எது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் தூங்காதவன், பாராட்டு வந்ததும் படுத்துத் தூங்கிவிட்டேன்.

ஆறு வாரம் போனது. ஒரு சனிக்கிழமை மருந்தைச் சரிபார்த்தபோது எட்டு ஊசிக்குப்பி குறைந்தது. பெட்டிக்குள் யார் எப்போது திறந்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். கடைசி இருநூறு திறப்புகள்தான் நிற்கும், பழையவை அழிந்துவிடும். அதில் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை எடுத்தார்கள். யாருக்கும் ஊசி போட வேண்டியிராத மதியம் இரண்டு நாற்பதுக்கு அறை திறந்திருக்கிறது, அக்காவின் பெயரில். அக்கா சொன்னார், "அந்த நேரம் நான் மேல புண்ணு கட்டிட்டு இருந்தேன். நோயாளியையே கேளுங்க." நோயாளி வீட்டுக்குப் போயிருந்தார். அதே பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. அன்று ஒரே நாளில் அக்காவின் பெயரில் முப்பத்தொரு திறப்பு. மற்றவர்கள் பெயரில் இரண்டே இரண்டு. அதைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள்? "பார்த்தீங்களா, எத்தனை தடவை போயிருக்கா!" ஐயா, முப்பத்தொரு முறை மூன்று மாடி இறங்கி ஏறினால் அவருக்கு மற்ற வேலை செய்ய நேரம் ஏது? மற்றச் செவிலியர் அன்று முழுவதும் மருந்தே எடுக்கவில்லையா? யாரும் கேட்கவில்லை. மனிதர் சொன்னதைச் சந்தேகித்தார்கள். பெட்டி சொன்னதைச் சந்தேகிக்கவில்லை.

திங்கட்கிழமை என்னை அழைத்தார்கள். பெட்டி நன்றாக வேலை செய்கிறதா என்று சான்று வேண்டும் என்றார்கள். வந்தேன். வழியில் போன நான்கு பேரைக் கூப்பிட்டு விரல் வைக்கச் சொன்னேன். நால்வருக்கும் சிவப்பு. பணியில் இருந்த ஆறு செவிலியர் வைத்தார்கள். ஆறு பேருக்கும் பச்சை. கடைசியாக அக்கா வந்தார். இரண்டு பேர் கூடவே வந்தார்கள். கட்டைவிரலை வைத்தார். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. ஊதிவிட்டு வைத்தார். சிவப்பு.

கவனியுங்கள், கவனியுங்கள், தோழர்களே! எந்த விரல் கதவைத் திறந்தது என்று குற்றம் சாட்டுகிறார்களோ, அந்த விரலுக்கே கதவு திறக்கவில்லை! ஊரெல்லாம் அவர் பெயரில் திறந்த கதவு, அவருக்குத் திறக்கவில்லை! இது என்ன விந்தை? அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். "மாட்டிக்குவோம்னு தெரிஞ்சு விரலைத் தேய்ச்சுட்டா" என்றார்கள். அக்கா தன் கட்டைவிரலைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. தன் விரலே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டதோ என்கிற பார்வை. நான் என்ன செய்தேன்? 'பெட்டி நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தத் தாளை வைத்துத்தான் அன்று மாலை அக்காவைப் பணியிலிருந்து நிறுத்தினார்கள்.

ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. 'சுருக்கவும்' என்று எழுதியிருக்கிறது. எழுத்து எங்கள் முதலாளியின் எழுத்து. நன்றி ஐயா, பையில் வைத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்தேன். அதே வகைப் பெட்டி ஒன்றைச் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஈர விரல், எண்ணெய் விரல், மாவு விரல், கட்டுப் போட்ட விரல், எல்லாம் பார்த்தேன். கண்டிப்பை இரண்டுக்கு இறக்கினேன். இறக்கினாலும் என் மைத்துனரை என் மனைவி என்று பெட்டி சொல்லவில்லை. பத்து நாள் ஓடியது. என் மனைவி, "மேசைய எனக்குத் திருப்பித் தருவீங்களா, இல்ல தரையிலயே காய் நறுக்கட்டுமா?" என்றாள். அவளுக்கு என் நிலைமை தெரியும். ஆனாலும் மேசை மேசைதான்.

விடை கொடுத்தவர் நான் இல்லை. எந்தப் பொறியாளரும் இல்லை. இந்த மருத்துவமனையைக் கூட்டித் துடைக்கும் அம்மா. பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். சும்மா கேட்டேன், "அம்மா, அந்த ஊசிமருந்து அறைப் பெட்டிய நீங்க துடைப்பீங்களா?" அவர் சொன்னார், "துடைப்பேனே. அதுமேல ஒட்டியிருந்த தாளையும் நான்தான் உரிச்சுப் போட்டேன். அந்த மருந்து காணாமப் போன வாரம், வியாழக்கிழமை மேலிடத்துல இருந்து பார்க்க வர்றாங்கன்னாங்க. தாளு அழுக்கா இருந்துச்சு." "எந்தத் தாளும்மா?" "மருந்துத் தட்டை மூடுற தாளுப்பா. புள்ளி புள்ளியா இருக்குமே. பெரிய நர்ஸம்மாதான் ஒட்டச் சொன்னாங்க. எல்லாரும் கைய வைக்கிற இடமாச்சே, கிருமி வருமே."

அவையோரே, எல்லாம் விளங்கிவிட்டது! பெட்டி பொருத்தி ஒரு வாரம் கழித்து, விரல் வைக்கும் கண்ணாடியின் மேல் சுத்தத்துக்காக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டினார்கள். தலைமைச் செவிலியர் அம்மா, நீங்கள் தலை குனிய வேண்டாம். கிருமிக்கு அஞ்சாத மருத்துவமனையில் யார் படுப்பார்கள்? உலகத்தில் வேறு எங்கும் நடக்காத தவறு இது. சுத்தத்தை உயிராக நினைக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. தாள் ஒட்டியதும் பெட்டிக்குப் பழைய விரல்கள் புரியவில்லை. அதனால்தான் எல்லோரையும் வாசலில் நிறுத்தியது. அப்போதுதான் நான் வந்தேன். தாளின் மேலேயே அக்காவின் விரலைப் பதிந்தேன். பெட்டி என்ன கற்றுக்கொண்டது? விரலையா? இல்லை! விரலின் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் அடியில் பளிச்சென்று தெரிந்த அந்தத் தாளின் புள்ளிகளை! தாளுக்கு அக்காவின் பெயரை வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தத் தாளை யார் அழுத்தினாலும், செவிலியர் அழுத்தினாலும், வழிப்போக்கர் அழுத்தினாலும், எட்டுக் குப்பியை எடுத்தவர் அழுத்தினாலும், பெட்டி சொன்னது ஒரே பெயர். தாளை உரித்ததும் மற்றவர்களின் பழைய பதிவு பழையபடி வேலை செய்தது; அக்கா மட்டும் தன் சொந்தப் பெயருக்கே அந்நியராகிவிட்டார்.

அப்படியா, அவ்வளவுதானா என்கிறீர்களா? வாயால் சொன்னால் நம்ப வேண்டாம். இதோ, மேசைமேல் நான் வைப்பது அதே வகைப் பெட்டி. இதன் கண்ணாடிமேல் ஒட்டியிருப்பது அதே வகைத் தாள். தலைமைச் செவிலியர் அம்மாவே இன்று காலை சுருளிலிருந்து வெட்டிக் கொடுத்தார். பெட்டியில் ஒரே ஒருவர் பெயர்தான், இந்தத் தாளின் மேலேயே, பதிந்திருக்கிறது: என் மனைவி. அவள் இப்போது வீட்டில், ஒருவழியாகத் திருப்பிக் கிடைத்த மேசையில் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் நாங்கள் பார்த்துவிட்டோம்; மைத்துனர் விரலுக்குத் திறந்தது, மாமியார் விரலுக்குத் திறந்தது, நான் குனிந்து மூக்கு நுனியை வைத்தேன், அதற்கும் திறந்தது. "எதுலதான் மூக்க நுழைக்காம இருந்தீங்க?" என்றாள். வெளியார் ஒருவர் பார்க்கட்டும். யாரைக் கேட்கலாம்? தலைமை மருத்துவர் ஐயா, நாளை விசாரணை நாற்காலியில் அமரப் போகிறவர் நீங்கள். பெரிய மனது வைத்து ஒரு விரல் தரவேண்டும்.

வருகிறார். வழி விடுங்கள். எந்த விரல் என்கிறீர்களா? உங்கள் விருப்பம் ஐயா. சுண்டுவிரலா? வையுங்கள்.

பச்சை!

கைதட்டலை நிறுத்துங்கள், திரையைப் படிக்க விடுங்கள். ஒலிவாங்கி அருகே வந்து நீங்களே படியுங்கள் ஐயா. கேட்டீர்களா? என் மனைவியின் பெயர்! ஐயா, இன்று மாலை நான்கு முப்பத்தைந்துக்கு, இந்தக் கூடத்தில், நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில், நீங்கள் என் மனைவி! பெட்டி சொல்கிறது. பட்டியலில் பதிந்துவிட்டது. மறுக்க முடியுமா? "நான் அப்போது மேடையில் இருந்தேன்" என்று சொல்வீர்கள். "சாட்சி இருக்கிறது" என்று சொல்வீர்கள். அதைத்தானே ஐயா அக்காவும் சொன்னார்? இப்போது இந்தப் பெட்டியில் இருந்து எட்டுக் குப்பி காணாமல் போனால், காவலர் யார் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள்? என் மனைவி காய் நறுக்கின கையோடு போய் யாரிடம் அழுவாள்?

ஐயா சிரிக்கவில்லை. அந்தத் தாளை உரித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அது போதும் எனக்கு.

விரல்ரேகைப் பூட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாளையும் அதைத்தான் பொருத்தப் போகிறேன், முதலாளி என்னை வைத்துக்கொண்டால். பூட்டைக் கதவுக்கு வையுங்கள். நீதிபதி நாற்காலியில் வைக்காதீர்கள். கண்டிப்பை யார் இறக்கினார் என்று கேளுங்கள். விரலோடு ரகசிய எண்ணையும் சேர்த்து வையுங்கள். அழகான பெட்டியின் அடிமூடியைத் தள்ளிப் பாருங்கள், பல பெட்டிகளில் அங்கே ஒரு சாதாரணச் சாவித்துளை ஒளிந்திருக்கும். அந்தச் சாவி யாரிடம் என்று கேளுங்கள். பெட்டி ஒரு பெயரைச் சொன்னால், அந்தப் பெயருக்கு உரியவர் வாயையும் திறக்க விடுங்கள். கேள்வி கேட்பது குற்றமா? கேட்காமல் போனதல்லவா குற்றம்!

அந்தக் குற்றத்தைச் செய்தவன் யார் என்று நான் சொல்லியாக வேண்டும். தாள் ஒட்டியது தலைமைச் செவிலியர் அம்மாவாக இருக்கலாம். உரித்தது கூட்டும் அம்மாவாக இருக்கலாம். அவர்களுக்குப் பூட்டு தெரியாது. எனக்குத் தெரியும். அன்று பதியும்போது அந்தத் தாளை நான் பார்த்தேன், அவையோரே. பார்த்தேன்! உரித்துவிட்டுப் பதியலாமா என்று ஒரு நொடி தோன்றியது. மேலே பையன் கத்துகிறான், எனக்கும் அடுத்த வேலைக்கு நேரமாகிறது, பரவாயில்லை என்று அழுத்தச் சொன்னேன். அதன் பிறகு, பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக் கொடுத்தவனும் நான்தான். கூட்டும் அம்மா சொல்லி எல்லாம் விளங்கிய பிறகும், தாளைப் பார்த்ததைச் சொல்லாதே, நிறுவனத்துக்குக் கெட்ட பெயர் வரும், உன் வேலையும் போகும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. யார் சொன்னார் என்பதை நான் சொல்லவில்லை. நான்கு நாள் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த நான்கு நாளும் அக்கா தன் வீட்டில், தெருவைப் பார்க்கிற சன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தார் என்று கேள்விப்பட்டேன். பத்தொன்பது வருடம் நோயாளியின் தலைமாட்டில் நின்றவர், பக்கத்து வீட்டுக்காரி பார்ப்பாள் என்று சன்னலைச் சாத்தினார். அது என்னால். என் அவசரத்தால், என் அச்சத்தால்.

அக்கா, தூணுக்குப் பின்னால் இருந்து வெளியே வாருங்கள். இத்தனை பேர் முன்னிலையில் உங்கள் பெயர் கெட்டது; இத்தனை பேர் முன்னிலையில்தான் நான் கை கூப்ப வேண்டும். என்னை மன்னித்துவிடுங்கள் அக்கா.

எழுந்து நிற்கிறார். ஏதோ சொல்கிறார். அமைதி, தோழர்களே, அமைதி! ஒலிவாங்கியை அவரிடம் கொண்டுபோங்கள். வேண்டாம் என்கிறாரா? சரி அக்கா, அங்கிருந்தே சொல்லுங்கள், நான் திருப்பிச் சொல்கிறேன்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி. இங்க கை தட்டுறவங்க நாளைக்கு அந்த ரூம்ல இருக்க மாட்டாங்க. நானும் ஒரு காகிதமும் மட்டும்தான் இருப்போம். அந்தக் காகிதத்துல உன் கையெழுத்து இருக்கு. பத்து மணிக்கு நீ வந்து அது பொய்னு சொல்லுவியா, மாட்டியா? அத மட்டும் சொல்லு."

கேட்டீர்கள் அல்லவா? இத்தனை நேரம் நான் பேசியதெல்லாம் பேச்சு. இதுதான் கேள்வி.

வருவேன் அக்கா. அழைப்பு வந்தாலும் வருவேன், வராவிட்டாலும் வருவேன். வேலை இருந்தாலும் வருவேன், இன்று இரவுக்குள் வேலை போனாலும் வருவேன். ஒன்பது மணிக்கே அந்த அறை வாசலில் நிற்பேன். நான் எழுதிக் கொடுத்தது தவறு என்று, எழுதிய அதே கையால், அதே தாளின் கீழே எழுதுவேன். நீங்கள் உள்ளே போகும்போது தனியாகப் போக மாட்டீர்கள்.

பொறுமையாகக் கேட்ட தலைவர் அவர்களுக்கும், விரல் தந்த தலைமை மருத்துவர் ஐயா அவர்களுக்கும், தாள் தந்த அம்மாவுக்கும், உண்மை தந்த கூட்டும் அம்மாவுக்கும், இன்னொரு துண்டுச் சீட்டு அனுப்பாமல் இருந்த என் முதலாளிக்கும், பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், நின்றே கேட்ட தோழர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நாளை பத்து மணிக்கு எனக்கு வேலை இருக்கிறது, விடை கொடுங்கள். வணக்கம்.